காரில் இரண்டு குரல்கள்

தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் மழை பெய்கிறது. படகுத்துறைக்குப் போக நான் கூப்பிட்ட காரை ஓட்டுகிறவர் மாலதி, ஐம்பது வயதிருக்கும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது ரேடியோவில் ஒரு பெண் பாடத் தொடங்குகிறாள். மாலதி சத்தத்தைக் கூட்டுகிறார்.

"இது நான்தான்க்கா. கல்யாணத்துக்கு முந்தி பாடினது."

அவர் பேசும் குரலோ கரகரவென்று இருக்கிறது. நம்ப முடியாமல் பார்க்கிறேன்.

"தொண்டையில ஆப்பரேஷன் பண்ணாங்க. அதுக்கப்புறம் இந்தக் குரல்தான்."

"இதைக் கேக்கும்போது கஷ்டமா இல்லையா?"

"முந்தியெல்லாம் உடனே ஆஃப் பண்ணிருவேன், அழுகையா வரும். அப்புறம் யோசிச்சேன், பாவம், அந்தப் பொண்ணு என்ன தப்பு செஞ்சா? அவ நல்லாப் பாடுறா. நான் நல்லா கார் ஓட்டுறேன் லா."

பச்சை விழுகிறது. சரணம் வந்ததும் மாலதியும் சேர்ந்து பாடுகிறார். அந்தப் பெண் உச்சத்துக்குப் போகிறாள். மாலதி கீழ்ச்சுருதியிலேயே, கொஞ்சமும் கூச்சப்படாமல், கூடவே வருகிறார். இரண்டு குரலும் சேர்ந்து கேட்க நன்றாகவே இருக்கிறது.

படகுத்துறை வந்துவிட்டது. பாட்டு முடியும்வரை இருவரும் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறோம்.