எண்பது தலைகளுக்கு அளவெடுத்த பாக்கியலெட்சுமி

பாக்கியலெட்சுமி தைத்த சாறிச் சட்டையைப் போட்டால் மூச்சுவிட இடமிருக்கும், பொய் சொல்லத்தான் இடமிருக்காது என்று வெள்ளவத்தையில் ஒரு பேச்சு. அந்தக் கை மூளைக்குக் கோடு போடப் போனது 2007இல். காரணம் நாட்டில் நடந்த சண்டைதான். அவள் கடைக்கு மேல்மாடியில் இருந்த டொக்டர் நவரத்தினத்திடம் வேலை பார்த்த படித்த பிள்ளைகள், ஒவ்வொருவராகக் கனடாவுக்குப் பறந்துவிட்டார்கள்.

டொக்டர் கொம்பியூட்டரில் ஒரு நரம்பு வலையைப் பழக்கிக்கொண்டிருந்தார். மூளையின் ஆழத்தில் கிடக்கும் சின்னப் பாகங்களை ஸ்கான் படங்களில் மனிதர் கோடிட்டுக் காட்டினால், அதைப் பார்த்துப் படித்து, புதுப் படத்தில் அது தானே கோடு போடும். ஆனால் ஆளில்லாமல் தானே கோடு போட்ட டொக்டரோ ஒரே படத்துக்குக் காலையில் ஒரு கோடு, பின்னேரம் வேறு கோடு.

"ஒரு உடம்புக்கு ரெண்டு அளவோ, தம்பி? நீங்கள் சட்டை தைச்சால் ஊர் சிரிக்கும்," என்றாள், திரைச்சேலைக்கு அளவெடுக்க மேலே போன பாக்கியலெட்சுமி.

டொக்டர் மவுசை அவள் கையில் கொடுத்தார். வால்கரு என்று அவர் காட்டிய வளைந்த துண்டு அவளுக்குச் சாறிக்கரை மாங்காயாகத் தெரிந்தது. ஆமிக்காரர் சோதனைக்காகக் காலி வீதி என்ற அந்தப் பெருந்தெருவை மூடிய நாட்களில் கடைக்கு ஆள் வராது. மேலே தலைகள் காத்திருக்கும். மூன்று மாதத்தில் எண்பது தலைகள். கேட்டவர்களிடம், "மூளை வேலையிலை நிக்கிறன்," என்று நிமிர்ந்து சொன்னாள்.

வலையைச் சோதித்த அன்று, அது போட்ட கோடுகள் பிசிறில்லாமல் ஓடின. ஆனால் பாகங்கள் எல்லாம் வீங்கிக் கிடந்தன.

"எல்லாம் பெரிசு, அக்கா. எண்பதையும் அழிச்சுப்போட்டு நான்தான் திரும்பப் போடவேணும்."

எண்பது தலைகளும் குப்பைக்கோ! பாக்கியலெட்சுமி மூக்குக்கண்ணாடியை ஏற்றித் தன் பழைய படமொன்றைப் பார்த்தாள். மாங்காயின் விளிம்புக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு நூல் இடம், சுற்றிவர. அடுத்த படத்திலும் அதே ஒரு நூல்.

"ஐயோ, தையலுக்குத் துணி விட்டிருக்கிறன்!"

"சிரிக்கிறியளே அக்கா!"

"பின்னை? உங்கடை பிழை நேரத்துக்கொரு அளவு. என்ரை பிழை எண்பது தலையிலையும் ஒரே அளவு. ஒரு நூல் உள்ளுக்கு எடுங்கோ, சரிவரும்."

டொக்டர் எல்லாக் கோடுகளையும் உள்ளே இழுத்து, வலைக்கு மறுபடி பாடம் நடத்தினார். இரண்டாம் நாள் கோடுகள் விளிம்போடு ஒட்டி நின்றன. நுளம்பு நுழைய இடமில்லை.

ஆய்வுக் கட்டுரையில் தன் பெயரோடு அவள் பெயரையும் எழுதிய டொக்டர், "பக்கத்திலை என்ன படிப்பெண்டு போட?" என்று கேட்டார்.

"தையல் எண்டு போடுங்கோ, தம்பி. மூளை உள்ளவைக்கு விளங்கும்."