சாப்பாட்டு மேசையில் பூட்டிய ஹாண்டில்

யோகநாதனின் இரண்டு சின்னவிரல்களும் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மரத்துப்போயின. புதுக்கடையில் காணி உறுதிகள் எழுதும் ஒரு நொத்தாரிசிடம் முப்பத்தொரு வருடமாகக் கிளாக்கராக இருக்கிற மனிதர் அவர். அன்று அவர் தட்டச்சில் அடித்த ஆங்கிலக் காணி உறுதிப் பத்திரத்தில் ஒரு பக்கம் முழுவதும் ‘ஏ’ என்ற எழுத்தே இல்லை. இடது சின்னவிரல் தான் அழுத்தியதாகவே நினைத்துக்கொண்டிருந்தது.

காரணம் சைக்கிள். பெற்றோல் தட்டுப்பாடு வந்து பஸ்கள் நின்றுபோன வருடத்தில், கீழ்வீட்டில் இருந்து கனடாவுக்குப் போன ஒரு பொடியனிடம் ரேஸ் சைக்கிள் ஒன்றை வாங்கினார். வெள்ளவத்தையிலிருந்து கடற்கரை வீதியால் புதுக்கடைக்கு ஐம்பது நிமிடம். பெற்றோல் திரும்பி வந்தது, பஸ்களும் வந்தன, யோகநாதன் மட்டும் பஸ்ஸுக்குத் திரும்பவில்லை. ஐம்பத்தேழு வயதில், பிறருடைய அக்குளுக்குக் கீழே நின்று பயணம் செய்யாமல் வேலைக்குப் போகலாம் என்று கண்டுபிடித்திருந்தார்.

ஆனால் அந்தச் சைக்கிளின் வளைந்த ஹாண்டில், ஒட்டகச்சிவிங்கி போன்ற அந்த ஒல்லிப் பொடியனுக்காகச் செய்தது. அகலம் குறைவு, வளைவு ஆழம். கைகள் நெஞ்சுக்கு முன்னால் கும்பிடுவதுபோல் ஒடுங்கி, உடம்பின் பாரம் முழுக்க உள்ளங்கையில் இறங்கியது. சைக்கிளை விடுங்கள், அல்லது ஹாண்டிலை மாற்றுங்கள் என்றார் டாக்குத்தர். யோகநாதன் அன்று பின்னேரமே கொட்டாஞ்சேனைக்குப் போனார்.

அங்கே மாதா கோயிலுக்குப் பின் வீதியில் ரொனி சைக்கிள் கடை வைத்திருந்தார். நாற்பது வயது, பேச்சில் அவசரமில்லாதவர். யோகநாதனின் முதுகையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஹாண்டில் சப்பாத்து மாதிரி அண்ணே. அடுத்தவன்ட சைஸ் உங்களுக்குச் சரிவராது. தோள் எலும்புல இருந்து தோள் எலும்புக்கு அளந்துகொண்டு வாங்க.” அகலம் தோளளவு இருக்க வேண்டும், முன்னுக்கு அதிகம் நீளக்கூடாது, கீழே அதிகம் இறங்கக்கூடாது, நுனிகள் கொஞ்சம் வெளியே விரிந்தால் மணிக்கட்டுக்கு நல்லது என்றும் விளங்கப்படுத்தினார்.

தோளை அளப்பதில் வீட்டில் குழப்பம் வந்தது. மனைவி சரோஜினிதேவி அளந்தபோது நாற்பது சென்ரிமீற்றர். வெள்ளவத்தைத் தையல்காரர் அளந்தபோது நாற்பத்தாறு. யோகநாதன் சுவரோடு சாய்ந்து நின்று பென்சிலால் குறித்து அளந்தபோது நாற்பத்திரண்டு. ஒரே மனிதனுக்கு மூன்று தோள் இருக்க முடியாது என்று அவர் இரண்டு நாள் யோசித்தார். தையல்காரர் முதுகின் வளைவோடு நாடாவை ஓட்டியிருக்கிறார், சரோஜினி அக்கா பயந்து பயந்து அளந்திருக்கிறா, சுவர்தான் நேர்மையாகச் சொல்லியிருக்கிறது என்று ரொனி தீர்ப்புச் சொன்னார்.

அந்த அளவை ஒட்டி ரொனியிடம் ஐந்து ஹாண்டில்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் மூன்று நாள் பாவித்துப் பார்க்க யோகநாதனுக்கு விருப்பம். ஒவ்வொரு தடவையும் பிரேக் கம்பி கழற்றிப் பூட்ட ரொனிக்கு விருப்பமில்லை. கடைசியில் ரொனி ஒரு தடித்த பலகையில் ஹாண்டிலைப் பொருத்தி, மேசை விளிம்பில் இறுக்கக்கூடிய கவ்வி ஒன்றும் கொடுத்தார்.

இப்படித்தான் ஹாண்டில் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. வேலையால் வந்ததும் யோகநாதன் உயரமான ஸ்டூலில் தலையணை வைத்து ஏறியிருந்து, அதைப் பிடித்துக்கொண்டு சரியாக ஐம்பது நிமிடம் முன்னால் குனிந்திருப்பார். முன்னாலிருந்தது குளிர்சாதனப்பெட்டி. இருபத்திரண்டாவது நிமிடத்தில் சரோஜினிதேவி தேங்காய் உடைத்துத் தரச் சொன்னபோது, தான் இப்போது வேலைக்குப் போகிற வழியில் கொள்ளுப்பிட்டிச் சந்தியில் நிற்பதாகவும் கையை எடுக்க முடியாதென்றும் சொன்னார். அவர் பகிடி விடவில்லை. சரோஜினிதேவி தேங்காயைத் தானே உடைத்தார்.

ஒவ்வொரு ஹாண்டிலுக்கும் அவர் குறிப்பு எழுதினார். வேறு விதமாக எழுதத் தெரியாததால் காணி உறுதி நடையிலேயே எழுதினார். “இரண்டாம் இலக்க ஹாண்டில்: கிழக்கே வலது சின்னவிரலும், மேற்கே இடது சின்னவிரலும், தெற்கே வயிறும் எல்லைகளாக உடையது. வடக்கு எல்லை கைக்கு எட்டவில்லை.” அது முன்னுக்கு அதிகம் நீண்டிருந்தது என்பது பொருள். இரண்டாம் இலக்கம் தள்ளுபடியானது.

மூன்றாம் இலக்கம் மேசையில் இருந்த ஞாயிற்றுக்கிழமைதான் மகள் ஹம்சிகாவைப் பெண் பார்க்க வந்தார்கள். ஹம்சிகாவுக்கு இருபத்தெட்டு வயது, கணக்காய்வு நிறுவனத்தில் வேலை. மாப்பிள்ளை தனஞ்சயன் வங்கியில். தகப்பன் நாகேந்திரத்துக்குப் பேலியகொடையில் வெங்காய மொத்த வியாபாரம், வீடு கிருலப்பனையில். காலையில் சரோஜினிதேவி ஹாண்டிலைக் கழற்றச் சொன்னார். கவ்வி இறுகிப்போய் அசையவில்லை. ரொனி மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தார், தொலைபேசி எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் சரோஜினிதேவி சரிகை போட்ட துணியொன்றால் அதை மூடி, பக்கத்தில் பூச்சாடி வைத்தார்.

உள்ளே வந்த நாகேந்திரம் துணியின் கீழ் இரண்டு கொம்பு தெரிவதைக் கண்டு, ஏதோ சாமி என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டோமா என்று ஒருமுறை பார்த்து, கைகூப்பிக் கும்பிட்டார். அவர் மனைவியும் கும்பிட்டார். தனஞ்சயன் கைத்தொலைபேசியோடு கும்பிட்டார். இனி மறைப்பது பாவம் என்று யோகநாதன் துணியை எடுத்து, அது என்னவென்று விளங்கப்படுத்தினார்.

நாகேந்திரம் கோபப்படவில்லை. மரியாதைக்காகத்தான் ஸ்டூலில் ஏறி ஹாண்டிலைப் பிடித்துப் பார்த்தார். பிடித்தவர் விடவில்லை.

“யோகநாதன், கழுத்து இளகுது,” என்றார், மெதுவாக. இருபது வருடமாக ஒரு தோளில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டு வெங்காய விலை பேசியதில் அந்தக் கழுத்து பலகைபோல் ஆகியிருந்தது.

மணிக்கட்டை மடிக்காமல் நேராக வைக்கும்படி யோகநாதன் சொன்னார். முழங்கையைக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னார். பிறகு உறுதிக் குறிப்புகளை எடுத்து வந்து வாசித்தார். நாகேந்திரம் கண்ணை மூடிக் கேட்டார். ஹம்சிகா தேநீரோடு வந்தபோது அவளைப் பார்க்க ஒருவரும் இல்லை. தனஞ்சயன் வடையில் இருந்தார். அவள் கோப்பையை இரண்டு கொம்புக்கும் நடுவில் வைத்தாள். நாகேந்திரம் ஒரு கையால் குடித்தார், மற்றக் கையை எடுக்கவில்லை. சாதகம் பற்றி மனைவி இரண்டு தடவை ஞாபகப்படுத்தியும், கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். ஒரு மணித்தியாலம் கழித்து அந்த அம்மா எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

இரண்டு நாளில் கலியாணத் தரகர் தொலைபேசியில் அழைத்தார். பெண்ணின் தகப்பனுக்குக் கொஞ்சம் மூளைக் குழப்பம்போல இருப்பதால் சம்பந்தம் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னதாகச் சொன்னார். அதே மூச்சில், மாப்பிள்ளையின் தகப்பன் அந்த மூன்றாம் இலக்கம் எங்கே கிடைக்கும் என்று கேட்டதாகவும் சொன்னார்.

சரோஜினிதேவி ஒன்பது நாள் கணவனோடு கதைக்கவில்லை. ஹம்சிகாவுக்குத் தனஞ்சயனைப் பற்றி ஓர் அபிப்பிராயமும் உண்டாகியிருக்கவில்லை. மிஞ்சிய வடைகளைத் திங்கட்கிழமையே டப்பாவில் போட்டு வேலைக்குக் கொண்டுபோயிருந்தாள். “அப்பா, நீங்கள் மாப்பிளையை விட்டிட்டு மாமனாரைப் பிடிச்சிட்டியள்,” என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை யோகநாதனும் நாகேந்திரமும் ரொனியின் கடையில் சந்தித்தார்கள். யோகநாதனும் மூன்றாம் இலக்கத்தையே தெரிவு செய்திருந்தார். அந்த வகையில் ரொனியிடம் இருந்தது ஒன்றுதான். முதலில் கும்பிட்டவன் நான் என்று நாகேந்திரம் உரிமை கோரினார். தெரிவு செய்து குறிப்பு எழுதியவன் நான் என்றார் யோகநாதன். வீதியில் போனவர்கள் நின்று கேட்டார்கள். ரொனி அளவுநாடாவை எடுத்து நாகேந்திரத்தின் தோளை அளந்தார். நாற்பத்தாறு. நாற்பத்திரண்டு அவருக்கு ஆகாது, நெஞ்சு ஒடுங்கும் என்றார். நாகேந்திரம் இன்னொரு தடவை அளக்கச் சொல்லி, மூச்சை வெளியே விட்டுத் தோளைக் குறுக்கிப் பார்த்தார். அப்போதும் நாற்பத்தாறு. அவருக்கு அகலமான ஒன்றை ரொனி வருவித்துக் கொடுத்தார். சைக்கிள் இல்லாதபடியால் நாகேந்திரம் அதைப் பேலியகொடைக் கடை மேசையில் பூட்டினார். இப்போது தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் ஹாண்டிலைப் பிடித்தபடிதான் வெங்காயம் விற்கிறார்.

மூன்றாம் இலக்கம் யோகநாதனின் சைக்கிளில் ஏறியது. முதல் நாள் கடற்கரை வீதியில் தோள்கள் தாமாக விரிந்தபோது, இவ்வளவு காலமும் நெஞ்சை யாரிடமோ இரவல் கொடுத்திருந்ததுபோல அவருக்குப் பட்டது. சின்னவிரல்களில் உணர்வு மெல்ல மெல்ல, மூன்று கிழமையில் வந்து சேர்ந்தது.

ஆவணியில் தனஞ்சயனுக்கு வேறிடத்தில் கலியாணம். அழைப்பிதழ் வெள்ளவத்தைக்கும் வந்தது. சரோஜினிதேவியும் ஹம்சிகாவும் ஓட்டோவில் போனார்கள். யோகநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வந்து இறங்கினார். வாசலில் பன்னீர் தெளித்து விருந்தினரை வரவேற்றுக்கொண்டிருந்த நாகேந்திரம், செம்பைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு நேரே சைக்கிளிடம் போனார். பட்டு வேட்டியோடு குந்தியிருந்து பிரேக் பிடிகளைப் பார்த்தார். இடது பக்கம் அரைவிரல் உயர்த்த வேண்டும் என்றார். உள்ளே மேளம் கெட்டிமேளத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. யோகநாதன் சட்டைப்பையிலிருந்து பிரேக் ஆணி திருகும் சின்னச் சாவியை எடுத்தார். இருவருமாக உயர்த்தினார்கள்.