வெள்ளிக்கிழமை எரிந்த கார் விளக்குகள்

“மலைக்கு ரோடே கெடையாது. மாட்டு வண்டிகூட ஏறாது. அங்கிருந்து எறங்குன புள்ள கார் பேட்டரியப் பாத்துக்குதாமா!” என்று மேஸ்திரி சொன்னபோது கார்க் கடை ஷெட்டில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அவர் சொன்னதில் பொய்யில்லை. கொல்லிமலையில் எங்கள் ஊரிலிருந்து மிளகும் பலாப்பழமும் தலைச்சுமையாகத்தான் இறங்கும். உப்பும் மண்ணெண்ணெயும் தலைச்சுமையாகத்தான் ஏறும். சேந்தமங்கலத்துக்கு இறங்கி வந்த பிறகுதான் ஒரு காரை நான் கையால் தொட்டுப் பார்த்தேன். ஆனால் மலைமேல் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது தேறியவள் நான். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிய முதல் ஆள். அந்தப் பெருமையை நான் மறைத்ததில்லை.

அது யுத்த காலம். பெட்ரோலுக்குக் கூப்பன் வந்துவிட்டது. பஸ்களே பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில், பின்னால் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு இருமி இருமி ஓடின. புதுக் கார் வாங்க யார் வருவார்கள்? முதலாளி யுத்தத்துக்குச் சற்று முன் தருவித்த கார்கள் விற்காமல் ஷெட்டில் வரிசையாக நின்றன. குமாஸ்தா பட்டாளத்தில் சேர்ந்துவிட்டதால் கம்பெனிக் கடிதங்களைப் படிக்க என்னை வைத்தார். பேட்டரி பற்றிய புத்தகமும் இங்கிலீஷில்தான் இருந்தது. அதனால் பேட்டரி வேலையும் என்னிடம் வந்தது.

வேலைக்கு அனுப்பியபோது அப்பன் ஒன்று சொல்லியிருந்தார். “ஒரு வருசம் பாக்கலாம் கண்ணு. நீ நெலச்சு நின்னீன்னா சின்னவளையும் படிக்க உடறேன். இல்லீன்னா அவ சாமக் கொல்லையில குருவி ஓட்டட்டும்.” என் தங்கைக்கு அப்போது எட்டு வயது. என் பழைய சிலேட்டை யாருக்கும் தராமல் தலைமாட்டில் வைத்துத் தூங்குவாள். ஆகவே அந்த ஷெட்டில் நான் காப்பாற்ற வேண்டியிருந்தது பேட்டரிகளை மட்டுமல்ல.

ஓடாத காரின் பேட்டரி சும்மா இருந்தாலே மெல்ல மெல்ல இறங்கும். மாதம் ஒரு தடவை அதைக் கழற்றி, ஆயில் இஞ்சினில் ஓடும் டைனமோவோடு இணைத்துச் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஆவியாக்கி வடித்த தண்ணீர் விட்டு, ரப்பர் பந்து வைத்த கண்ணாடிக் குழாயில் திராவகத்தை உறிஞ்சிப் பார்த்தால் உள்ளே மிதவை எவ்வளவு எழும்புகிறது என்பதில் அதன் பலம் தெரியும். பிறகு காரில் வைத்து, வயரை மட்டும் மாட்டாமல் விட்டுவிட வேண்டும். திராவகம் பட்டு என் சேலை முந்தானையெல்லாம் சல்லடையானது. சிரித்த மேஸ்திரி, சில மாதங்களில் என்னைப் பாசமாகச் ‘சாமி’ என்று கூப்பிட ஆரம்பித்தார். பேட்டரியைத் தூக்கும்போது ஒரு பக்கம் அவர் பிடிப்பார். அவர்மேல் எனக்கு மதிப்பு வந்ததும் அப்போதுதான்.

முதலாளிக்கு ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் புது வண்டி இருட்டில் நிற்கக் கூடாது; நின்றால் லட்சுமி தங்கமாட்டாள். எனவே நான் கழற்றி வைத்த வயர்களையெல்லாம் மாட்டச் சொல்லி, எல்லாக் கார்களின் முன்விளக்குகளையும் எரிய விட்டுக் கற்பூரம் காட்டுவார். கற்பூரம் அணைந்தாலும் விளக்கு அணையாது. கடைவீதியில் போகிறவர்கள் நின்று பார்க்க, அவர் வெற்றிலை போட்டு முடிக்கும் வரை அந்தக் கார்க் கண்கள் அத்தனையும் எரியும். ஒரே ஒரு காருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதன் முன்விளக்குகளைக் கழற்றி வேறொரு வாடிக்கைக்காரருக்குக் கொடுத்திருந்தார்கள். சுவரைப் பார்த்தபடி மூலையில் நின்றது.

“வண்டி ஓடாம வெளக்கு மட்டும் எரிஞ்சா பேட்டரி செத்துப் போயிருமுங்க” என்று முதலாளியிடம் சொன்னேன். “வெள்ளிக்கெழம அதுவுமா ஒரு பொம்பளப்புள்ள வெளக்க அமத்தச் சொல்றியே, வெளங்குமா?” என்றார். அதற்குப் பிறகு ஆயில் இஞ்சினுக்கு எண்ணெய் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. சார்ஜ் ஏற்றுவது தள்ளிக்கொண்டே போயிற்று. வெள்ளிக்கிழமை மட்டும் ஒருபோதும் தள்ளிப்போகவில்லை. மேஸ்திரியிடம் முறையிட்டேன். “நீ சொல்றதுதான் ரைட்டு சாமி. ஆனா பூனைக்கு மணி கட்டறது யாரு?” என்று பீடியைப் பற்றவைத்தார்.

ஒரு நாள் பெரிய நிலக்காரரான மிட்டாதார் ஒருவர், கூப்பன் கையில் இருக்கிறது, கார் உடனே வேண்டும் என்று வந்து நின்றார். முதல் காரின் சுவிட்சைத் திருகினார்கள், அசையவில்லை. கைப்பிடி போட்டுச் சுழற்றியும் பொறி பிடிக்கவில்லை. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். முதலாளி பானெட்டைத் தூக்கினார். பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. நான் தேய்த்துக் கழுவி வாஸ்லின் தடவும் பூப்புத்தான். அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தூரமானவள் தொட்ட ஊறுகாய்ச் சாடி இப்படித்தான் பூக்கும் என்பது அவர் வீட்டில் எல்லாரும் அறிந்த சங்கதி.

“ஏம்புள்ள, தூரமான நாள்லயும் இதத் தொட்டியா?”

அத்தனை ஆண்கள் நடுவில் கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

“தொட்டனுங்க. மாசத்துல மூணு நாளு பேட்டரி லீவு தர்றதில்லீங்களே” என்றேன். யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். “மூலையில நிக்கற காரையும் நான்தானுங்க தொட்டேன். அதுக்கு வெள்ளிக்கெழம வெளக்கு இல்ல. அத எடுத்துப் பாருங்க.”

மேஸ்திரி அந்தக் காரில் ஏறினார். ஒரு முக்கல், இரண்டு முக்கல், பிறகு எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஷெட் முழுக்கப் புகை. வேறொரு காரின் விளக்குகளை மாட்டச் சொல்லி மிட்டாதார் அதையே வாங்கிக்கொண்டார். என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக ஒரு உண்மை நிரூபணமானதை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

“அது ராசியான வண்டி. அதான் தீட்டையும் மீறி நின்னுருச்சு” என்றார் முதலாளி. பிறகு மேஸ்திரியிடம் திரும்பி, “நீ என்ன சொல்ற?” என்று கேட்டார். மேஸ்திரி கைத்துணியை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். மறுநாள் முதல் வர வேண்டாம் என்று எனக்குச் சொல்லப்பட்டபோதும் அந்த விரல்கள் சுத்தமாகவில்லை.

பஸ் நிற்கும் இடம் வரை மேஸ்திரி என் பின்னால் ஓடி வந்தார். “ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது போதாதா சாமி?” என்றார். முதலாளியின் பேச்சை நான் என்றோ மறந்துவிட்டேன். அது அறியாமை, அதற்கு மருந்து உண்டு. தெரிந்தவரின் அந்தச் சமாதானத்துக்குத்தான் மருந்து இல்லை. “போதாதுங்க” என்று மட்டும் சொன்னேன்.

தீட்டோடு தொட்டு வண்டிகளைக் கெடுத்தவள் என்ற சேதி எனக்கு முன்னால் மலையேறிவிட்டது. மேஸ்திரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது வேறு சேதியாக ஏறியிருக்கும். அப்பன் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. “படிச்சதுல மிச்சம் கெட்ட பேருதான் கண்ணு” என்றார். மறுநாள் காலையில் தங்கை கையில் தகரத்தையும் குச்சியையும் கொடுத்துச் சாமைக் கொல்லைக்கு அனுப்பினார். அவள் தட்டிய தகரச் சத்தம் வீடு வரை கேட்டது.

யுத்தம் முடிந்துவிட்டது. இப்போது நாமக்கல்லில் ஒரு பஸ் கம்பெனியில் பேட்டரி அறை என் பொறுப்பில் இருக்கிறது. எந்த நாளில் வருகிறாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. மிதவை எழும்புகிறதா என்றுதான் கேட்கிறார்கள். போன வாரம் மலைக்குப் போனேன். அப்பன் சந்தைக்கு இறங்கியிருந்தார். அவர் வரும்வரை காத்திருந்து அனுமதி கேட்கலாம் என்று அம்மா சொன்னாள். நான் காத்திருக்கவில்லை. பதினோரு வயதாகிவிட்ட தங்கையைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். பாதி வழியில், உப்பு மூட்டையோடு ஏறி வந்த அப்பன் எங்களைப் பார்த்து நின்றார். “எங்க கூட்டிட்டுப் போற?” என்றார்.

“பள்ளிக்கோடத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு நடந்தேன். திங்கட்கிழமை நாமக்கல் பள்ளிக்கூடத்தில் அவள் பெயரைப் பதிந்தாயிற்று.