ஸோன் ஒன்னுதானே என்று நினைத்தேன்

என் மகள் இருபத்தேழு வாரத்திலேயே பிறந்தவள். இரண்டு மாதத்துக்கு மேல் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு, கிள்ளான் ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் ஓர் அட்டை கொடுத்தார்கள். விழித்திரை நோய், ஸோன் 1, ஸ்டேஜ் 2. வெள்ளிக்கிழமை கட்டாயம் கண்ணைக் காட்ட வரவேண்டும்.

அதே வெள்ளிக்கிழமைதான் பேர் வைக்க ஐயர் நாள் குறித்திருந்தார்.

"முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்ங்க," என்றாள் மனைவி.

"ஸோன் ஒன்னுதான் லா. ஆரம்பம்தானே? அடுத்த வாரம் போலாம்," என்றேன். கன்டெய்னர் லோரி ஓட்டுகிற என் மரமண்டைக்கு, சின்ன நம்பர் என்றால் சின்ன விஷயம். யாரிடமும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு தாளில் வட்டத்துக்குள் வட்டமாக மூன்று வரைந்து, நடு வட்டத்தில் பேனாவை ஊன்றினார்.

"ஸ்டேஜ் ஏற ஏறத்தான் மோசம், அண்ணே. ஸோன் அப்படி இல்ல. ஒன்னுங்கிறது கண்ணோட நடு. அங்க வந்தா ரொம்ப வேகமா முத்திரும். ஏன் வெள்ளிக்கிழமை வரல?"

அன்றைக்குத்தான் பேர் வைத்தோம். அவர் காலில் விழப் போனேன். தடுத்து நிறுத்திவிட்டு, அன்றைக்கே லேசர் வைத்தார். வலது கண் தப்பியது. இடது கண்ணில் விழித்திரை கழன்றே போனது.

இப்போது அவளுக்கு மூன்று வயது. இடது பக்கம் நின்று, அன்று வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டால், முகத்தை முழுசாகத் திருப்பி என்னைத் தேடுகிறாள். கண்டதும் சிரிக்கிறாள்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.