நம்பர் பிளேட்டில் மூன்று பட்டை

எழுபதுகளில் ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் கார் ஓட்டிய ஒரே பெண் நான்தான். கணவருக்கு வெளியூரில் வேலை. பழைய கார் ஒன்று வாங்கியதும் நானே கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுத்தேன். மாமனாருக்கு அது துளியும் பிடிக்கவில்லை.

"போலீஸ் ஒரு தடவை கை காட்டி நிறுத்தினா, சாவி என் கையில வந்துடணும், கேட்டயா?" என்று நிபந்தனை போட்டார். யார் துணைக்கும் காத்திராமல் நான் வெளியே போக அந்தச் சாவி ஒன்றுதான் வழி.

பழவங்காடி கணபதி கோவில் முன்னால் வண்டிக்குப் பூஜை. தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தும் மாமனாருக்குத் திருப்தி வரவில்லை. விபூதியைக் குழைத்து நம்பர் பிளேட்டின் குறுக்கே மூன்று பட்டை இழுத்தார். ஒரு எண்கூடத் தெரியவில்லை. சொன்னால் சாமி குற்றம் என்பார். வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, போலீஸ்காரர் கை காட்டினார். ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கேட்பதற்கு முன்பே லைசென்ஸை நீட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பின்சீட்டில் இருந்த மாமனாரிடம் மலையாளத்தில், "சாரே, நம்பர் எவிடே?" என்றார்.

போதாதா! "நான் செக்ரட்டேரியட்ல சூப்பிரண்டா இருந்தவனாக்கும்! சாமி விபூதியைக் குத்தம் சொல்றயா?" என்று மாமனார் குதித்தார். போலீஸ்காரர் கடுகடுவென்று நோட்டை எடுத்தார்.

"அப்பா, ஓட்டறது நான். நான் பேசிக்கறேன். நீங்க செத்த சும்மா இருங்கோ."

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவரிடம் நான் குரல் உயர்த்தியது அன்றுதான்.

"தெற்று எங்களுடேதாணு சாரே," என்று தப்பை ஒப்புக்கொண்டு, முந்தானையாலேயே பிளேட்டைத் துடைத்தேன். போலீஸ்காரர் லைசென்ஸை நிதானமாகப் படித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு பின்சீட்டுப் பக்கம் குனிந்து, "பஸ்மம் நெற்றியில் போதாதா, சாரே?" என்று கேட்டுவிட்டு, போகச் சொன்னார்.

வீட்டு வாசலில் மாமனார் கையை நீட்டினார். "சாவி."

"போலீஸ் நிறுத்தினது நான் ஓட்டினதுக்கா, உங்க விபூதிக்கா?"

நீட்டிய கை அப்படியே நின்றது. எனக்குள் அப்படி ஒரு ஆனந்தம், மறைக்கவும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் சொன்னார்: "நாளைக்குக் காலம்பற எனக்குப் பல் டாக்டராத்துக்குப் போணும். ஒன்பது மணிக்கு வண்டியை எடு."