மரத்துப்போன காலும் பன்னிரண்டாவது நாற்காலியும்

சாம்பல் புதன் அன்றே தைரியநாதன் செருப்பைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து கான்ட்ராக்ட் கூலியாக நெய்வேலிக்கு வந்து, பன்னிரண்டு வருஷம் கழித்து, போன ஐப்பசியில்தான் பெர்மனென்ட் ஆகியிருந்தார். தவக்காலம் நாற்பது நாளும் வெறுங்காலோடு நடப்பதாக அதற்கு நேர்ந்துகொண்டது. சுரங்கத்துக்குள் மட்டும் முழங்கால் வரைக்குமான ரப்பர் கம்பூட். அது கட்டாயம்.

பங்குனி வெயிலில் தார் ரோடு இளகிக் கிடக்கும். மற்றவர்கள் நிழல் பார்த்துத் தாவித் தாவிப் போகையில் அவர் நடு ரோட்டில் நிதானமாக நடப்பார். "அந்த மனுஷனுக்கு சாமி அருள் இருக்குது" என்று பிளாக் முழுக்கப் பேச்சு. அது பங்குச் சாமியார் காதுக்கும் எட்டியது. பெரிய வியாழன் அன்று, ஏசு சீடர்களுக்குச் செய்ததுபோல், தான் பாதம் கழுவுவதற்கு நாற்காலியில் உட்காரும் பன்னிரண்டு பேரில் கடைசிப் பெயராக அவர் பெயரை வாசித்தார்.

அந்த நாற்காலியில் ஆறு வருஷமாக உட்கார்ந்து வந்தவர் ஆரோக்கியதாஸ். கோயில் கமிட்டிச் செயலாளர்; தைரியநாதன் குவார்ட்டர்ஸுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். பெயர் வாசித்த நாளிலிருந்து அவர் தைரியநாதனுக்கு ஸ்தோத்திரம் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

தைரியநாதன் வீட்டில் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. கார்த்திகையிலிருந்து அவருக்குப் பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. கம்பூட் இறுக்கம் என்று நினைத்தார். வாயு என்று கூட வேலை செய்பவர் சொன்னதைக் கேட்டு எண்ணெய் தேய்த்தார். பிறகு ஊர்வதும் நின்று, பஞ்சு மெத்தையில் நடப்பதுபோல் ஆகிவிட்டது. தார் ரோடு சுடாமல் போனபோது அவர் அதை நோய் என்று நினைக்கவில்லை. ஆண்டவர் தன் நேர்ச்சையை ஏற்றுக்கொண்டார் என்று கண் கலங்கினார்.

குருத்து ஞாயிறுக்கு முந்தின வெள்ளி, கோயிலில் பதினாலு ஸ்தலமாக நின்று ஜெபித்துப் போகும் சிலுவைப் பாதை. பதினாலாவது ஸ்தலத்தில் எல்லாரும் முழங்கால் போட்டிருக்க, ஆரோக்கியதாஸின் குரல் கேட்டது.

"யார் கால்ல ரத்தம்? தைரியம், காலைத் தூக்கு."

தூக்கினார். பேனர் அடித்த சின்ன ஆணி ஒன்று உள்ளங்காலில் தலைவரை இறங்கியிருந்தது.

"ஏழாவது ஸ்தலத்துலேர்ந்து தடம் வுட்டுகினு வர்றே. வலிக்கல?"

"இல்லியே."

ஆரோக்கியதாஸுக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

"அப்படின்னா இது பக்தி இல்ல. பெருவியாதி, குஷ்டம். எங்க சித்தப்பாவுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுது."

பொழுது சாய்வதற்குள் பிளாக் முழுக்கத் தெரிந்துவிட்டது. தைரியநாதன் மனைவி ஜெயசெல்வி கொடுத்தனுப்பிய கஞ்சியை, பக்கத்து வீட்டுச் சின்னம்மாள் தூக்கோடு அவர்கள் கேட் கம்பியிலேயே திருப்பி மாட்டிவிட்டுப் போனாள். ஷிப்டில் அவர் டிபன் பாக்ஸ் பக்கத்தில் யாரும் டிபன் பாக்ஸ் வைக்கவில்லை. ஆரோக்கியதாஸ் சாமியாரிடமே போனார்.

"அவன் காலைத் தொட்ட கையால எங்க நாக்குல திவ்விய நற்கருணை குடுப்பீங்களா சாமி?"

"டாக்டரைப் பாத்துட்டு வரட்டும். அதுவரைக்கும் நாற்காலி அவருதுதான்" என்றார் சாமியார்.

வீட்டில் ஜெயசெல்வி இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டாள். "நாலு மாசமா கால் மரத்துப் போயிருக்குதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? நாற்காலி போனாப் போவுது. கால் போச்சுன்னா வேலை போச்சு, வூடு போச்சு."

திங்களன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் விஜயகுமாரி அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தைப் பஞ்சால் தடவினார். பிறகு குண்டூசி. இரண்டுமே அவருக்குத் தெரியவில்லை. பெருவியாதித் தேமல் இருக்கிறதா என்று முதுகைப் பார்த்தார், முழங்கை நரம்பை உருட்டிப் பார்த்தார்.

"குடிப்பழக்கம் உண்டா?"

"இல்லீங்கம்மா."

"பாத்ரூம் தண்ணி போற இடத்துல எறும்பு மொய்க்குதா?"

ஜெயசெல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரெண்டு மாசமாக அங்கே எறும்புப் பொடி தூவிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார்கள். செங்கல் நிறம் வந்தது.

"சர்க்கரை வியாதி" என்றார் டாக்டர். "கால் மரத்துப்போறதுக்குப் பல காரணம் உண்டு. குடிக்கிறவங்களுக்கு வரும், சத்துக் குறைஞ்சா வரும், இடுப்புல நரம்பு அழுந்தினாலும் வரும். பெருவியாதியிலயும் வரும், அதுக்கும் மாத்திரை இருக்கு. உங்களுக்கு சர்க்கரை. இனிமே வீட்டுக்குள்ளகூட வெறுங்காலோட நடக்காதீங்க. உங்க காலு சொல்லாது. நீங்கதான் தினம் கண்ணால பாத்துக்கணும்."

பெரிய வியாழன் சாயங்காலம் தைரியநாதன் ரப்பர் செருப்போடு கோயில் படி ஏறினார். வலது காலில் கட்டு. பாதம் துடைக்கும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆரோக்கியதாஸ் வாசலை மறித்து நின்றார்.

"வியாதியோட வந்தது பத்தாதுன்னு செருப்போட வேற உள்ள வர்றியா? டாக்டர் சீட்டைக் காட்டு."

ஜெயசெல்வி சுருக்குப் பையைத் திறந்தாள். தைரியநாதன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். அவ்வளவு ஆத்திரம் அவருக்கு அதுவரை வந்ததில்லை.

"சீட்டு சாமி பாத்தாச்சு. உனக்குக் காட்ட மாட்டேன். பெருவியாதியாவே இருந்தாலும் நான் அங்கதான் உக்காருவேன். நவுரு."

போய் உட்கார்ந்தார். சாமியார் ஒவ்வொருவர் பாதமாகக் கழுவி வந்தார். நாற்காலி இல்லாததால் இந்த வருஷம் துண்டு பிடிப்பது செயலாளர் வேலை. பதினோரு பேர் வரை ஆரோக்கியதாஸ் கூடவே வந்தார். பன்னிரண்டாவது நாற்காலி வந்ததும் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்துவிட்டார்.



தைரியநாதன் இடது காலைச் செருப்பிலிருந்து எடுத்து நீட்டினார். சாமியார் தண்ணீர் ஊற்றி, தன் அங்கியின் ஓரத்தைத் தூக்கித் துடைத்தார். தண்ணீர் குளிர்ந்ததா வெதுவெதுப்பா என்று தைரியநாதனுக்குத் தெரியவில்லை. டாக்டர் சொன்னபடி குனிந்து கண்ணால் பார்த்தார். விரல் இடுக்கில்கூட ஈரம் இல்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு, பூசை முடிகிறவரை அதே நாற்காலியில் இருந்தார். பிறகு வாசலில் நின்ற ஆரோக்கியதாஸைத் திரும்பிப் பாராமல், செருப்புச் சத்தம் கேட்கக் கேட்க வெளியே நடந்தார்.