வலதுக்குச் சிவப்பு மூடி, இடதுக்குப் பச்சை மூடி

முதலில் வந்தது அரிப்புதான், கணுக்காலுக்கு மேலே. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டே ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொள்வேன். கொசுக்கடி என்று நினைத்தேன். லிங்கராஜபுரத்தில் கொசுவுக்கா பஞ்சம்! பிறகு தோல் கறுத்தது, கசிந்தது, புண்ணானது. நான் மட்டும் என்ன இளைத்தவளா என்று இரண்டாவது காலும் ஒரு புண்ணை வாங்கிக்கொண்டது.

இருபது வருடம் கரும்பலகை முன்னால் நின்றதற்குக் கிடைத்த பரிசு. சிரைப்புண் என்றார்கள் (காலிலிருந்து மேலே ஏற வேண்டிய இரத்தம் கீழேயே தேங்கித் தோலை அரித்துவிடுவது). மாதக்கணக்கில் ஆறவில்லை. இப்படியே போனால் தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்ட வேண்டும், அதற்குப் பிறகும் நின்று வேலை பார்ப்பது கஷ்டம் என்று அறுவைப் பிரிவில் கையை விரித்துவிட்டார்கள். உட்கார்ந்துகொண்டே கணக்கு நடத்தும் டீச்சரை நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அழுதுவிட்டேன்.

அந்த வராந்தாவில்தான் டாக்டர் நாகரத்னா என்னைப் பிடித்தார். மைசூர்ப் பக்கத்துக்காரர், 'இல்லையா' என்பதற்குக் கன்னடத்தில் 'அல்வா' என்பார். வல்லாரையைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

"டீச்சர், வல்லாரை தெரியும் அல்வா? நாங்க ஒந்தெலகான்னு சட்னி அரைப்போம். அதோட சத்து புண்ணை மூடுதான்னு பாக்கறேன். உங்களுக்கு ரெண்டு கால்லயும் ஒரே சைஸ்ல புண்ணு. எனக்கு லாட்டரி அடிச்ச மாதிரி!"

"எனக்கு?" என்றேன். சிரித்துவிட்டார்.

இரண்டு டியூப் கொடுத்தார். வலது காலுக்குச் சிவப்பு மூடி, இடது காலுக்குப் பச்சை மூடி. ஒன்றில் வல்லாரைச் சத்து, இன்னொன்றில் வெறும் களிம்பு. எதில் எது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது (கண்கட்டு ஆய்வு என்று பெயர், தெரிந்தால் மனது ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம்). இரண்டு காலுக்கும் ஒரே மாதிரி இறுக்கக் கட்டு. ஒரு கால் மோசமானால் அன்றைக்கே நிறுத்திவிடுவேன் என்றும் உறுதி சொன்னார்.

செவ்வாய்க்கிழமைதோறும் புண்ணின் மேல் கண்ணாடித்தாளை வைத்து ஓரத்தைப் பேனாவால் வரைவார். அதைக் கட்டத்தாளில் வைத்து உள்ளே எத்தனை கட்டம் என்று எண்ண வேண்டும். கணக்கு டீச்சருக்கு இதைவிட என்ன வேண்டும்? நானே எண்ண ஆரம்பித்தேன். ஒரு செவ்வாய், வலது காலின் கட்டங்கள் பாதியாகிவிட்டன. "ஆண்டவரே, குறையுது!" என்று கத்திவிட்டேன். "இது என்ன உங்க ஸ்கூலா?" என்று நர்ஸ் அதட்டினார். அதட்டட்டும்.

இடது கால் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

தினமும் காலையில் கட்டு மாற்றுபவர் என் கணவர் செல்வராஜ். டூவீலர் மெக்கானிக்.

"ஒரு டயருக்குக் காத்தடிச்சிட்டு இன்னொண்ணைப் பஞ்சரோட ஓட்டச் சொல்றாங்களே, இது என்னா நியாயம்? அந்தச் செவப்பையே ரெண்டுலயும் பூசினா யாருக்குத் தெரியும்?"

"பூசினா ஆராய்ச்சியே கெட்டுடும். சும்மா இருங்க."

சும்மா இருந்தார். நானும் நம்பினேன்.

கொஞ்ச நாளில் இடது கால் புண்ணும் சுருங்கத் தொடங்கியது! எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெறும் களிம்புக்கே இத்தனை வேகமா? டாக்டர் டியூப்களைத் தராசில் வைத்தார். சிவப்பு மூடி காலி. பச்சை மூடி கொழுகொழுவென்று இருந்தது. கூட வந்திருந்த என் கணவரை இருவரும் திரும்பிப் பார்த்தோம்.

"ஒரு காலுக்கு மட்டும் ஓரவஞ்சனை பண்ண மனசு வரல மேடம்" என்றார், தலையைச் சொறிந்துகொண்டு.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "அய்யோ ராமா! டீச்சர், உங்களை ஆராய்ச்சிலேர்ந்து எடுத்துடணுமே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீட்டுக்கு வந்ததும் கட்டத்தாளை விரித்து இரண்டு காலுக்கும் கோடு வரைந்தேன். வலது கோடு சரசரவென இறங்கியது. இடது கோடு வாரக்கணக்கில் படுத்தே கிடந்து, திடீரென்று ஓரிடத்தில் தலைகீழாக விழுந்தது.

"என்னிக்கு மாத்திப் பூசினீங்க?"

"அந்தோணியார் திருநாளுக்கு மறுநாள்."

கோடு விழுந்தது அந்த வாரம்தான்! கோபமெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அடுத்த செவ்வாய் அந்தத் தாளோடு ஓடினேன். டாக்டர் வெகுநேரம் பார்த்தார். "ஒருத்தரை வெச்சு எதுவும் சொல்லக் கூடாது டீச்சர்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, அந்தத் தாளைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

இரண்டு புண்ணும் மூடின. தோலெடுத்து ஒட்டும் பேச்சு நின்றது. மறுவருடம் ஆய்வு முடிந்து, எதில் எது என்ற பூட்டைத் திறந்தார்கள். எனக்குத் தந்த சிவப்பு மூடியில் இருந்தது வல்லாரைதான். மற்றவர்களிலும் பலருக்குச் சீக்கிரம் மூடியிருந்தது, எல்லோருக்கும் இல்லை. அந்தக் கணக்கில் நான் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் இலையை அரைத்துப் புண்ணில் அப்பிவிடாதீர்கள். எனக்குப் பூசியது சுத்தம் செய்த சத்து. இறுக்கக் கட்டு இல்லாமல் அதுவும் தனியாக வேலை செய்யாது.

இப்போது செவ்வாய் வெறும் செவ்வாய்தான். ஆனாலும் அன்று காலையில் கண் தானாகக் காலுக்குப் போகிறது. புதுத் தோல் வெங்காயச் சருகுபோல மெலிந்து பளபளக்கிறது. தொட்டால் ஒரு நொடி கழித்துத்தான் உணர்வு தெரிகிறது. மறுபடி நின்றுகொண்டே கணக்கு நடத்துகிறேன்.

பூட்டைத் திறந்த அன்று மாலை கணவரிடம் கேட்டேன். "செவப்பு வெறும் களிம்புன்னு வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"எது மருந்துன்னு எனக்கென்னா தெரியும்? ஆறின கால்ல பூசினதை ஆறாத கால்லயும் பூசினேன். ரெண்டும் உன் காலுதானே, மேரி."

இரண்டு காலையும் தூக்கி அவர் மடியில் வைத்தேன். கிரீஸ் ஏறிச் சொரசொரத்த கை புதுத் தோலில் பட்டது. ஒரு நொடி கழித்து, இரண்டு காலிலும் தெரிந்தது.